படம் இளைத்தால் தளம் பறக்குமா?

முலுண்டில் பாலம் ஏறி, பருவத்துக்கு ஃபிளமிங்கோக்கள் வந்திறங்கும் தாணே கழிமுகத்தைக் கடந்து ஐரோலியில் இறங்கினால், வழக்கமான அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே ஜன்னலே இல்லாதது போன்ற சில பெரிய கட்டடங்கள் தெரியும். அவை டேட்டா சென்டர்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சிஃபி நிறுவனத்துக்கும் இங்கே ஒன்று உண்டு. ‘கிளவுட்’ என்று வானத்தைக் காட்டிப் பேசப்படுவது உண்மையில் இப்படித் தரையில்தான், இரவும் பகலும் மின்சாரத்தையும் குளிர்காற்றையும் தின்றுகொண்டு நிற்கிறது. அங்கிருந்து நேர்க்கோட்டில் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது தாராவி. அங்கே தோல் பை விற்பவரும், மாட்டுங்காவில் பட்டுச் சேலை விற்பவரும், செம்பூரில் டிபன் சென்டர் நடத்துபவரும் இன்று இணையதளம் வைத்துக்கொள்கிறார்கள். தளம் மெதுவாகத் திறக்கிறது என்றால் அவர்கள் காதில் முதலில் விழும் மருந்து ஒன்றுதான்: “படங்களைக் கிளவுட் சேவையில் போட்டுவிடுங்கள், சைட் பறக்கும்.” கிளவுடினரி, இம்கிக்ஸ், இந்தியாவில் பிறந்த இமேஜ்கிட் என்று இதற்கான சேவைகள் பல. நல்ல கருவிகள்தான். ஆனால் அவற்றைச் சுற்றி வளர்ந்துள்ள நம்பிக்கைகளில் பாதிதான் உண்மை.

நம்பிக்கை 1: படத்தின் எடை குறைந்தால் தளம் தானாக வேகமாகிவிடும்.

இதில் உள்ள உண்மையை முதலில் ஒப்புக்கொள்வோம். இன்றைய சராசரி வலைப்பக்கத்தில் படங்கள் மட்டுமே ஏறத்தாழ ஒரு எம்பி வரும். ஒரு தோல் பையை 12 மெகாபிக்சல் போன் கேமராவில் எடுத்தால் படம் அகலத்தில் 4000, உயரத்தில் 3000 புள்ளிகள் கொண்டது. ஆக மொத்தம் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். வாடிக்கையாளரின் போன் திரையோ பெரும்பாலும் 1080 புள்ளி அகலம். அந்த அகலத்துக்குச் சுருக்கினால் 1080க்கு 810, அதாவது 9 லட்சம் புள்ளிகள்கூடத் தேவைப்படாது. மிச்சமெல்லாம் அனுப்பியும் பயனற்றவை. தரத்தை மட்டும் குறைத்து 4 எம்பி கோப்பை 400 கேபி ஆக்கிவிட்டால் போதுமே என்று தோன்றும். போதாது. கோப்பு எவ்வளவு இளைத்தாலும் திரையில் வரையுமுன் பிரவுசர் அதை விரித்தாக வேண்டும். புள்ளிக்கு 4 பைட் கணக்கில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகளுக்கு 48 எம்பி நினைவகம் வேண்டும். விலை குறைந்த போன் திணறுவது இந்த இடத்தில்தான். ஆகவே முதலில் குறைக்க வேண்டியது அளவை, பிறகுதான் தரத்தை. கிளவுட் சேவை இதைச் சுலபமாக்குகிறது. மூலப்படம் ஒன்றை ஏற்றிவிட்டு, வேண்டிய அகலத்தை முகவரியிலேயே எழுதினால், கேட்ட அளவில் வெட்டிக் கொடுத்துவிடும். ஆயிரம் சேலைகளுக்குத் தலா ஐந்து படம் வைத்திருக்கும் கடையில் இதைக் கையால் செய்ய ஆள் கிடைக்காது.

ஆனால் எடைதான் தாமதத்துக்குக் காரணமா என்று அளந்து பார்த்தால் கதை மாறுகிறது. முதல் திரையில் பெரிதாகத் தெரியும் பொருள் வந்து நிற்க ஆகும் நேரத்தை எல்சிபி என்று கூகுள் அளக்கிறது, 2.5 வினாடிக்குள் வந்தால் நல்லது என்பது அதன் வரையறை. இதில் தேறாத தளங்களின் கணக்கைக் குரோம் குழுவினர் 2024இல் ஆராய்ந்து வெளியிட்டனர். அந்த முக்கியப் படத்தைத் தரவிறக்கவே செலவான நேரம், மொத்தக் காத்திருப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தரவிறங்க ஆகும் நேரத்தைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு நேரம், தரவிறக்கத்தைத் தொடங்குவதற்கே வீணாகியிருந்தது. சர்வர் முதல் பதிலைத் தர எடுத்துக்கொண்ட நேரம் வேறு தனி.

ஐரோலிப் பாலத்தைக் கடப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2024 அக்டோபரில் மும்பையின் ஐந்து நுழைவுச் சுங்கச் சாவடிகளிலும் இலகு வாகனங்களுக்குச் சுங்கம் ரத்தானது. ஐரோலியும் அவற்றில் ஒன்று. ஆனால் வீட்டிலிருந்தே அரை மணி தாமதமாகக் கிளம்பியவருக்குச் சாவடியில் மிச்சமாகும் நிமிடங்கள் என்ன செய்துவிடும்? படமும் அப்படித்தான் தாமதமாகக் கிளம்புகிறது. பிரவுசர் பக்கத்தின் எச்டிஎம்எல்லை முன்கூட்டியே மேய்ந்து, அதில் நேரடியாக எழுதப்பட்ட படங்களை அப்போதே கேட்டுவிடும். கடைகள் ஆசையோடு வைக்கும் ஓடும் பேனரின் படமோ ஜாவாஸ்கிரிப்ட்டுக்குள் ஒளிந்திருக்கும். ஸ்கிரிப்ட் இறங்கி, ஓடி, முடித்த பிறகுதான் இப்படி ஒரு படம் வேண்டும் என்பதே பிரவுசருக்குத் தெரியவரும். அதற்குப் பிறகு அந்தப் படம் 300 கேபியா 90 கேபியா என்பது பெரிய வித்தியாசம் இல்லை.

வேர்ட்பிரஸ் இதே பாடத்தை ஊரறியக் கற்றுக்கொண்டது. 2020 ஆகஸ்டில் வந்த 5.5 பதிப்பு, ‘திரைக்கு அருகில் வரும்போது ஏற்று’ என்ற குறிப்பைப் படங்களுக்கெல்லாம் தானாகவே போட்டது. கீழே இருக்கும் படங்களுக்கு அது வரம். முதல் திரையிலேயே இருக்கும் படத்துக்கு அதுவே தடையாகி எல்சிபி கெட்டது. 2022 ஜனவரியில் 5.9 பதிப்பு, முதல் படத்துக்கு அந்தக் குறிப்பை நீக்கியது. 2023இல் 6.3 பதிப்பு இன்னும் ஒரு படி போய், முக்கியப் படத்துக்கு முன்னுரிமைக் குறிப்பைச் சேர்த்தது. இந்த மூன்று மாற்றங்களிலும் எந்தப் படத்தின் எடையிலும் ஒரு கேபி குறையவில்லை, மாறியது வரிசைதான்.

நம்பிக்கை 2: சர்வர் ஐரோலியில் இருந்தால் மும்பைக்காரர்களுக்கு மின்னல் வேகம்.

தூரத்துக்கு மதிப்பு உண்டு, ஆனால் நாம் நினைக்கும் அளவில் இல்லை. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஐரோலியிலிருந்து தாராவிக்குப் போய்வர ஒரு மில்லி வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னைக்குப் போய்வர 10 மில்லி வினாடி. கேபிள் சுற்றிப் போவதால் நடைமுறையில் கொஞ்சம் கூடும். ஆனாலும் 2,500 மில்லி வினாடி என்ற வரம்புக்கு முன்னால் இது தூசு. அதைவிட அதிக நேரம், போனுக்கும் தெருமுனை டவருக்கும் இடையிலேயே கழிந்துவிடும். கடல் தாண்டினால்தான் கணக்கு மாறும். அமெரிக்காவின் வர்ஜீனியா 12,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. இயற்பியல் அனுமதிக்கும் மிகக் குறைந்த நேரமே போய்வர 120 மில்லி வினாடிக்கு மேல். இணைப்பை ஏற்படுத்தி, பாதுகாப்புச் சாவிகளைப் பரிமாறி, பிறகு பக்கத்தைக் கேட்பது என்று அந்தப் பயணம் பல முறை நடக்கும்.

சரி, படச் சேவைகளின் பிரதிகள் மும்பையிலேயே கிடைக்கின்றனவே என்று கேட்கலாம். அமேசானின் கிளவுட் பிரிவு 2013இலேயே மும்பையிலும் சென்னையிலும் கோப்புகளின் பிரதிகளை வைத்துக் கொடுக்கும் விநியோக மையங்களை வைத்துவிட்டது; 2016இல் மும்பையில் முழு டேட்டா சென்டர் வட்டாரத்தையே திறந்தது. கேள்வி நியாயமானது, பதில் இரண்டு. முதலாவது, பிரதி அங்கே இருந்தால்தானே கிடைக்கும்? ஒரு படத்தை ஒரு அளவில் முதல் ஆள் கேட்கும்போதுதான் சேவை அதை வெட்டித் தயாரிக்கிறது. அந்த முதல் ஆள் காத்திருக்கத்தான் வேண்டும். நாளுக்கு நாற்பது பேர் வரும் கடையில் ஆளுக்கொரு பொருளைப் பார்ப்பார்கள். அதிகம் கேட்கப்படாத பிரதிகளை விநியோக மையம் கழித்துவிடும். ஆகவே சின்னக் கடைக்கு வருபவர்களில் பலரும் முதல் ஆள்தான். இரண்டாவது, சேவையின் சொந்த முகவரியிலிருந்து படம் வந்தால் பிரவுசர் அந்த முகவரியோடு புதிதாக ஒரு இணைப்பைத் தொடங்க வேண்டும். வேறு தளங்களிலும் இதே சேவை இருப்பதால் அது ஏற்கெனவே நினைவில் இருக்கும் என்பது பழைய கணக்கு. 2020 முதல் குரோம் ஒவ்வொரு தளத்துக்கும் சேமிப்பைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டது. படங்களையும் நம் தளத்தின் பெயரிலேயே, பக்கம் வரும் அதே இணைப்பின் வழியே வரவைப்பது இந்தச் செலவை மிச்சப்படுத்தும்.

நம்பிக்கை 3: வெப்பிக்கு மாற்றினால் அளவு குறையும், தரம் கெடாது.

கூகுள் 2010இல் வெளியிட்ட வெப்பி, அதே தரத்திலான ஜேபெக்கைவிட 25 முதல் 34 சதவீதம் சிறிது என்று அந்நிறுவனம் சொல்கிறது. 2020இல் சஃபாரியும் ஏற்றபின் அதைப் பயன்படுத்தத் தயங்க வேண்டியதில்லை. எந்தப் பிரவுசருக்கு எது புரியும் என்று பார்த்து வெப்பியையோ, அதற்குப் பின் 2019இல் வந்த ஏவிஃப்பையோ எடுத்துக்கொடுக்கும் வேலையைச் சேவையே செய்துவிடும். அது அதன் உண்மையான பலம். ஆனால் ‘அதே தரம்’ என்பது எந்தப் படத்துக்கு? நம் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பார்க்கும். நிற வேறுபாட்டை அவ்வளவு கூர்மையாகப் பார்ப்பதில்லை. இந்தப் பலவீனத்தை வைத்து, நிறத் தகவலை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக்கி, நான்கு புள்ளிக்கு ஒரு நிறம் என்று சேமிப்பது சுருக்கும் கலையின் ஒரு உத்தி. இழப்புள்ள வெப்பியில் இது கட்டாயம், விலக்க வழியில்லை. டிபன் சென்டரின் மசாலா தோசைக்கு இதனால் ஒரு குறையும் வராது. அரக்குச் சிவப்பு உடலில் மெல்லிய ஜரிகைக் கட்டம் ஓடும் காஞ்சிப் பட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள்: கட்டத்தின் ஓரத்தில் சிவப்பு கசிந்து மங்கியிருக்கும். சேலை வாங்குபவர் பெரிதாக்கிப் பார்ப்பதே அந்த ஓரத்தைத்தான். அங்கே நிறத்தைக் குறைக்காத ஜேபெக்கோ ஏவிஃப்போ நல்லது.

இன்னொரு பொறி வாட்ஸ்அப். பொருளின் படத்தை வெப்சைட் பார்த்துக்கொள்ளும் பையனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதுதான் பல கடைகளில் வழக்கம். அது அங்கேயே ஒருமுறை சுருங்கி, விவரம் இழந்து வருகிறது. அதைக் கிளவுட் சேவை மறுபடி சுருக்கும்போது நகலுக்கு நகல் எடுத்த கதையாகிறது. சில சமயம் புதிய கோப்பு பழையதைவிடப் பெரிதாகவும் ஆகிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் மூலம் கெடாது. காசு செலவில்லாத இந்தத் திருத்தத்தை எந்தச் சேவையும் நமக்காகச் செய்துதர முடியாது.

நம்பிக்கை 4: 5ஜி வந்துவிட்டது, இனி இதெல்லாம் எதற்கு? அல்லது, சேவைக்குப் பணம் கட்டிவிட்டோம், இனி நமக்கென்ன வேலை?

எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டும் ஒரே தவறு. வேகத்தை விலைக்கு வாங்கிவிடலாம் என்ற நினைப்பு. அகலமான சாலை, கிளம்பிய வண்டிக்குத்தான் உதவும்; சர்வர் பதில் சொல்லத் தாமதித்தாலோ, ஸ்கிரிப்ட்டுக்குள் படம் ஒளிந்திருந்தாலோ, போன் 48 எம்பியை விரிக்கத் திணறினாலோ 5ஜிக்கு அங்கே வேலையில்லை. பணம் கட்டிய சேவையும் அதேபோல, பக்கத்தில் எது முக்கியம் என்று அறியாது. அதற்குத் தெரிந்தது அகலம், வடிவம், தரம் மூன்றும்தான். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: படங்களின் முகவரியெல்லாம் சேவையின் பெயரில் இருந்து, மூலக்கோப்புகளும் அங்கேயே கிடந்தால், சந்தா நின்றால் கடையின் படங்கள் மொத்தமும் காணாமல் போகலாம். மூலம் நம் கையில் இருக்க வேண்டும்.

அப்படியானால் வரிசை இதுதான். முதலில் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் தளத்தை அளந்து, காத்திருப்பு எந்த இடத்தில் என்று பார்ப்பது. சர்வர் மெதுவென்றால் அதைச் சரிசெய்வது. பேனரை ஸ்கிரிப்ட்டிலிருந்து வெளியே எடுத்து எச்டிஎம்எல்லில் எழுதுவது. பேனருக்குள் படமாகப் பதித்த ‘தீபாவளித் தள்ளுபடி’ என்ற எழுத்தை நிஜ எழுத்தாகவே போடுவது. அதன்பின் கிளவுட் படச் சேவை. அப்போது அது தன் முழு வேலையையும் செய்யும். ஓடும் பேனரில் ஐந்து படம் இருக்கிறது. அவற்றில் எது முதலில் வர வேண்டும் என்பதை ஐரோலியில் உள்ள எந்த இயந்திரமும் தீர்மானிக்க முடியாது. கடை வாசலில் எந்தச் சேலையை மாட்டுவது என்று தினமும் தீர்மானிக்கிறவருக்குத்தான் அது தெரியும்.