கேள்வித்தாள் கேம்பிரிட்ஜ், பாடம் யாருடையது?

சான்றிதழில் ‘கேம்பிரிட்ஜ்’ என்ற பெயரைப் பார்த்ததும், பாடம் முதல் மதிப்பெண் வரை எல்லாமே இங்கிலாந்திலிருந்து வருவதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். 1858இல் இங்கிலாந்துப் பள்ளிகளுக்காகத் தொடங்கிய அந்தத் தேர்வு வாரியம் காலனி நாடுகளுக்கும் பரவியது உண்மைதான். ஆனால், பின்னாளில் ஒவ்வொரு நாடும் அதனோடு வைத்துக்கொண்ட உறவு வேறு வேறு.

நம்பிக்கை: சிங்கப்பூர் மாணவர் என்ன படிக்க வேண்டும் என்பதைக் கேம்பிரிட்ஜ் முடிவு செய்கிறது.

உண்மை: பாடத்திட்டம் சிங்கப்பூர்க் கல்வி அமைச்சின் கையில் இருக்கிறது. தேர்வை மட்டும் அமைச்சும், 2004இல் அமைந்த அந்நாட்டுத் தேர்வுக் கழகமும், கேம்பிரிட்ஜும் கூட்டாக நடத்துகின்றன. அதிலும் தமிழ், மலாய், சீனம் ஆகிய தாய்மொழித் தாள்கள் உள்ளூரிலேயே தயாராகின்றன. 2027 முதல் ஓ லெவல், என் லெவல் என்ற இரு பள்ளித் தேர்வுகளையும் ஒரே சான்றிதழாக்குவது என்பதும் சிங்கப்பூர் எடுத்த முடிவே.

நம்பிக்கை: ஓ லெவல் என்பது பிரிட்டிஷ் மாணவர்கள் எழுதும் தேர்வு.

உண்மை: அங்கே அது எப்போதோ போய்விட்டது. 1988இல் ஜிசிஎஸ்இ என்ற தேர்வு அதன் இடத்தைப் பிடித்தது. பாகிஸ்தான், வங்கதேசம், மொரீஷியஸ் போன்ற நாடுகளுக்காகக் கேம்பிரிட்ஜ் இன்றும் ஓ லெவலை நடத்திவருகிறது. இலங்கையின் க.பொ.த. சாதாரண தரம் பெயரளவில் மட்டுமே அந்த வழி வந்தது. அதை மும்மொழிகளிலும் நடத்துவது இலங்கைப் பரீட்சைத் திணைக்களம்.

நம்பிக்கை: விடுதலை பெற்ற பிறகே நாடுகள் சொந்த வாரியம் அமைத்தன.

உண்மை: கேம்பிரிட்ஜ் தேர்வைப் பொறுத்தவரை இந்தியாவில் அப்படித்தான் நடந்தது. அதற்கு மாற்றாக ஐசிஎஸ்இ என்ற தேர்வை நடத்தும் கவுன்சில் 1958இல் உருவானது. மேற்கு ஆப்பிரிக்காவிலோ வரிசை தலைகீழ். கானா, நைஜீரியா, சியரா லியோன், காம்பியா நான்கும் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த 1952இலேயே அவற்றுக்கான பொதுத் தேர்வு வாரியம் வந்துவிட்டது.

நம்பிக்கை: அயல்நாட்டு வாரியத்தை விட்டால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் கதவு மூடிவிடும்.

உண்மை: ஆங்கிலம் பேசும் கரீபிய நாடுகள் 1972இல் கூட்டாகத் தேர்வு மன்றம் அமைத்தன. 1979இல் அது நடத்திய முதல் தேர்வின் ஐந்து பாடங்களில் கரீபிய வரலாறும் ஒன்று. 1998இல், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஏ லெவல் தேர்வுக்கு மாற்றாகக் ‘கேப்’ தேர்வையும் அந்த மன்றம் கொண்டுவந்தது. அதில் தேறியவர்களைப் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் பலவும் சேர்த்துக்கொள்கின்றன.