கடலில் எரிந்த சரக்குக் கப்பல்: தீயைப் பற்றி ஒரு பாடம்

தீயை அணைப்பதற்கு மூன்று வழிகள் உண்டென்று பள்ளிகளில் கற்பிக்கிறோம். எரியும் பொருளை அப்புறப்படுத்தலாம். நீர் ஊற்றி உஷ்ணத்தைத் தணிக்கலாம். காற்றுப் படாதவாறு மூடிவிடலாம். இம்மூன்று வழிகளும் ஒருங்கே பயனற்றுப் போகும் நிலைமையும் உண்டு. 2021-ஆம் ஆண்டு மே மாதம் கொழும்புத் துறைமுகத்தின் அருகே எரிந்த ‘எக்ஸ்-பிரஸ் பேர்ல்’ என்னும் கப்பலின் வரலாறு இதனைத் தெளிவாக விளக்கும். சிறியதொரு கசிவைக் காலத்தில் கவனித்துத் தீர்க்காவிடில் என்ன நேரும் என்பதையும் அது நமக்குக் காட்டுகிறது.

கப்பலும் அதன் சரக்கும்

இக்கப்பல் சீன தேசத்தில் கட்டப்பெற்று, 2021 பிப்ரவரியில் தொழிலுக்கு வந்தது. இதன் நீளம் 186 மீட்டர். சிங்கப்பூரில் பதிவு செய்யப்பட்டிருந்தது. கன்டெய்னர் எனப்படும் இரும்புச் சரக்குப் பெட்டிகளை ஏற்றிச் செல்வதே இதன் பணி. விபத்து நேர்ந்தபோது கப்பலுக்கு வயது மூன்று மாதங்களே. ஆகவே, பழுதடைந்த பழைய கப்பல் என்று இதற்குக் காரணம் கூற இயலாது.

விபத்தின்போது கப்பலில் 1,486 பெட்டிகள் இருந்தன. அவற்றுள் 81 பெட்டிகளில் அபாயகரமானவை என வகைப்படுத்தப்பட்ட பொருள்கள் இருந்தன. ஏறத்தாழ 25 டன் நைட்ரிக் அமிலம், எரிசோடா, மெதனால் முதலியவை சரக்கில் அடங்கும். ஏறத்தாழ 1,680 டன் பிளாஸ்டிக் குருணையும் இருந்தது.

ஒன்பது நாட்கள்

கப்பல் துபாயிலுள்ள ஜெபல் அலி துறைமுகத்தினின்று புறப்பட்டபின், அமிலப் பெட்டி ஒன்று கசிவதை மே 11 அன்று மாலுமிகள் கண்டனர். அப்பெட்டியை இறக்கிவிடக் கத்தார் நாட்டின் ஹமத் துறைமுகத்திலும், பின்னர் குஜராத்திலுள்ள ஹஜீரா துறைமுகத்திலும் அனுமதி கோரப்பட்டது. கசியும் அமிலத்தைக் கையாளத் தக்க வசதியும் பயிற்சி பெற்ற ஆட்களும் உடனடியாக இல்லை என்னும் காரணத்தால் இரு இடங்களிலும் அனுமதி கிடைக்கவில்லை என்று கப்பல் நிறுவனத்தார் பின்னர் தெரிவித்தனர். கசிந்த பெட்டியுடனேயே கப்பல் தெற்கு நோக்கிச் சென்று, மே 19 அன்று கொழும்புக்கு அப்பால் நங்கூரமிட்டது. மறுநாள் தீ மூண்டது. கசிவு கண்டறியப்பட்டதற்கும் தீ மூண்டதற்கும் இடையே ஒன்பது நாட்கள் கழிந்திருந்தன.

மே 25 அன்று பலத்த வெடிப்பு நிகழ்ந்தது. கப்பலிலிருந்த 25 பேரும் வெளியேற்றப்பட்டனர், உயிர்ச்சேதம் இல்லை. இலங்கைக் கடற்படைக்கு உதவியாக இந்தியக் கடலோரக் காவல் படையின் கப்பல்களும் சென்று தீயணைப்பில் ஈடுபட்டன. ஜூன் 2 அன்று கப்பலை ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்ல முயன்றபோது, அதன் பின்பகுதி சுமார் 21 மீட்டர் ஆழத்தில் கடலடியில் தட்டி நின்றுவிட்டது. பின்னர்க் கப்பல் முழுவதும் மூழ்கியது.

அமிலமும் தீயும்

நைட்ரிக் அமிலம் தானாக எரிவதன்று. ஆயினும் பிற பொருள்களை எரியத் தூண்டவல்லது. தூய அமிலத்தின் எடையில் நூற்றுக்கு 76 பங்கு பிராணவாயுவே ஆகும். மரம், காகிதம், துணி போன்றவற்றின்மீது அடர்த்தியான அமிலம் பட்டால், அவற்றிற்குப் பிராணவாயுவை ஈந்து உஷ்ணத்தை உண்டாக்கும். செம்பழுப்பு நிறமுள்ள நச்சு வாயுவும் எழும். சரக்குப் பெட்டியின் சுவர் இரும்பாயினும், அதன் தளம் பெரும்பாலும் மரப்பலகையே என்பதை இங்கு நினைவிற் கொள்க.

இனி, தொடக்கத்தில் கூறிய மூன்று வழிகளை ஒவ்வொன்றாக ஆராய்வோம். பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதால், நடுக்கடலில் எரியும் பொருளை அப்புறப்படுத்தல் அரிது. மேலிருந்து நீரைப் பீய்ச்சினாலும், மூடிய பெட்டியின் உள்ளே அது செல்வதில்லை. அளவுக்கு மீறி நீரைப் பாய்ச்சினால் கப்பலே அமிழும். கரியமில வாயுவைச் செலுத்திக் காற்றை அகற்றலாமெனின், அமிலமே பிராணவாயுவைத் தரும்போது அதனால் முழுப்பயன் விளையாது. எனவே, இத்தகைய தீயை அணைத்தற்கு உரிய காலம் அது மூளுவதற்கு முன்னரே ஆகும்.

கரை சேர்ந்த குருணை

பிளாஸ்டிக் குருணை என்பது தொழிற்சாலைகளில் உருக்கிப் பொருள்கள் செய்வதற்குரிய மூலப்பொருள், பருப்பளவே இருக்கும். பாலிதீனின் அடர்த்தி கடல் நீரின் அடர்த்தியைவிடக் குறைவு. ஆதலால் அது மிதக்கும். தென்மேற்குப் பருவக் காற்று தொடங்கும் வேளையாதலின், அலைகள் குருணையைத் திரள்திரளாக இலங்கையின் மேற்குக் கரையில் ஒதுக்கின. நீர்கொழும்புப் பகுதியில் மணலெல்லாம் வெண்பனி போர்த்தாற்போற் காணப்பட்டது. தீயில் வெந்து கருகிய துண்டுகள் கல்லும் கரியும் போலத் தோன்றியமையால் அவற்றைப் பிரித்தெடுத்தல் மேலும் கடினமாயிற்று. மீன்பிடிப்பு தடை செய்யப்பட்டது. கடலை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் வருவாயை இழந்தன.

அக்காலத்தில் இக்குருணை அபாயகரமான சரக்காக வகைப்படுத்தப்படவில்லை என்பது கருதத்தக்கது. அமிலத்துக்கு எச்சரிக்கைச் சீட்டு இருந்தது. நெடுங்காலம் கரையைக் கெடுத்த பொருளுக்கு அது தேவைப்படவில்லை. 2024 மார்ச்சில் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் குழு, குருணையை உறுதியான உறைகளில் கட்டவும், சரக்குப் பத்திரங்களில் தெளிவாகக் குறிக்கவும், இயன்றவரை மேல்தளத்துக்குக் கீழே வைக்கவும் பரிந்துரை செய்தது. 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டாலர் இழப்பீடு செலுத்துமாறு கப்பலைச் சார்ந்தோருக்கு உத்தரவிட்டது.

இது அயல்நாட்டுச் செய்தியென்று நாம் ஒதுக்கிவிடலாகாது. 2025 மே மாதம் கேரளக் கடலில் மூழ்கிய ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ என்னும் கப்பலினின்றும் இத்தகைய குருணை நமது கரைகளில் ஒதுங்கியது.

ஊழியர்க்கும் ஆசிரியர்க்கும்

கரையில் ஒதுங்கிய பெட்டியையோ பீப்பாயையோ எவரும் தொடலாகாது; திறக்கலாகாது. காற்று நம் முதுகுப்புறமிருந்து பெட்டியை நோக்கி வீசுமாறு நின்று, தொலைவிலிருந்தே அதன்மேல் உள்ள எண்ணையும் குறியையும் எழுதிக்கொண்டு, அதிகாரிகளுக்கு அறிவித்தல் வேண்டும். கிராமத்தாருக்கும், குறிப்பாகச் சிறுவர்களுக்கும், இதனை முன்கூட்டியே எடுத்துரைத்தல் நலம்.

வகுப்பில் இரு எளிய சோதனைகளைச் செய்து காட்டலாம். எரியும் மெழுகுவத்தியைக் கண்ணாடிக் குவளையால் மூடினால் அது அணைந்துவிடும். பிராணவாயுவைத் தானே தரும் பொருள் உள்ளிருப்பின் விளைவு மாறுபடும் என்பதை வாய்மொழியால் விளக்குக. இரண்டாவதாக, பாலிதீன் பையின் துண்டையும் சிறு கல்லையும் உப்பு நீரில் இட்டு, மிதப்பது எது, அமிழ்வது எது எனக் காட்டுக. நைட்ரிக் அமிலத்தை இச்சோதனைகளில் பயன்படுத்தவே கூடாது.

வினாக்கள்

1. மூடிய பெட்டியினுள் மூண்ட தீயை மேலே பீய்ச்சும் நீர் ஏன் எளிதில் அணைப்பதில்லை?

2. குருணை கடலடியில் தங்காமல் கரையில் ஒதுங்குவது ஏன்?

3. அந்த ஒன்பது நாட்களில் எவ்விடத்தில், எவர், என்ன செய்திருந்தால் இவ்விபத்தைத் தவிர்த்திருக்கலாம்?

மூன்றாம் வினாவுக்கு ஒரே விடை இல்லை. மாணவர்கள் தம்முள் விவாதித்து அதற்கு விடை காண்பார்களாக.