உப்புக் காற்றும் ஒரு எர்த் வயரும்

கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் குடியிருப்பவர்கள் ‘காரில் எலக்ட்ரானிக்ஸ் போயிருச்சு’ என்று அலுத்துக்கொள்வதில் பெரும்பகுதி எலக்ட்ரானிக்ஸே கிடையாது. பாடியோடு சேரும் இடத்தில் துருவேறிய எர்த் போல்ட், கப்ளருக்குள் பச்சை பூத்த உலோக முனை, வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும் பேட்டரி டெர்மினல், இவ்வளவுதான். மாமல்லபுரத்தில் வீடு, செங்கல்பட்டுப் பக்கம் வேலை என்று திருக்கழுக்குன்றம் ரோட்டில் போய்வந்துகொண்டிருக்கும் எனக்கு, இது புரிய ஒரு புயல் வேண்டியிருந்தது.

2022 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகில்தான் கரையைக் கடந்தது. அலைத்துளியும் மணலும் தெருவரை வந்து அடித்தன. அதன்பின் சில மாதங்களில் என் காரில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஏபிஎஸ் விளக்கு, ஸ்டீயரிங் விளக்கு, செக் என்ஜின் விளக்கு மூன்றும் ஒன்றாக எரியத் தொடங்கின. ஸ்டீயரிங் கல்லாக இறுகியது. ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, ஸ்டீயரிங் மாடியூலையே மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் நீட்டினார்கள். அந்தக் காசுக்கு ஒரு நல்ல பைக் வாங்கலாம்.

திருக்கழுக்குன்றம் ரோட்டில் சின்னக் கடை வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் காட்டினேன். “கம்ப்யூட்டரு சொல்றது வாஸ்தவந்தான் சார். ஆனா அது எதுக்குக் கத்துதுன்னு நாமதான பாக்கணும்?” என்றபடி மல்டிமீட்டரை எடுத்தார். கறுப்பு முனையை பேட்டரி மைனஸில், சிவப்பு முனையை என்ஜின் பிளாக்கில் வைத்துக்கொண்டு, என்னைச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். அந்த நேரத்தில் மீட்டர் 0.2, 0.3 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எங்களுக்கு ஒரு வோல்ட்டை நெருங்கியது. பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றினார். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்க, வாஷருக்கு அடியில் செம்மண் மாதிரி துரு உதிர்ந்தது. உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கி முடுக்கி, மேலே வாசலின் தடவினார். மூன்று விளக்கும் அணைந்தன.

காரணம் எளிது. இன்றைய ஸ்டீயரிங்கில் எண்ணெய் பம்ப்புக்குப் பதில் மின் மோட்டார். திருப்பும்போது பல பத்து ஆம்பியர் கரண்டை ஒரே மூச்சில் கேட்கும். எர்த் சரியில்லை என்றால் வோல்டேஜ் சரியும். முதலில் அலறுவது ஸ்டீயரிங், அடுத்து ஏபிஎஸ். ஸ்கேனர் காட்டும் பிழைக் குறியீடு புகார் கொடுத்தவரின் பெயர்; குற்றவாளி வேறெங்கோ இருப்பார். சம்பந்தமே இல்லாத விளக்குகள் ஒன்றாக எரிந்தால் நான் இப்போது பானெட்டைத் திறந்து முதலில் பார்ப்பது பேட்டரியையும் எர்த்தையும்தான்.

மல்டிமீட்டர் சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இரவெல்லாம் நின்ற காரில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவாக இருக்கிறது, 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் மற்ற பேச்சு. என்ஜின் ஓடும்போது 14-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஆனால் புதிய கார்கள் சில, எரிபொருளை மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டரை வேண்டுமென்றே குறைத்து ஓட்டும். ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டுப் பார்க்காமல் ஆல்டர்னேட்டர் மேல் பழி போடக்கூடாது.

டெர்மினல் பூத்திருந்தால் வெந்நீரில் ஆப்பசோடா கலந்து பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் நுரைத்து இறங்கிவிடும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மாற்றிச் செய்து ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறிதான். மாட்டியபின் பவர் விண்டோ ஒரே தட்டில் ஏறவில்லையே என்று பதற வேண்டாம். பல கார்களில் கண்ணாடியை மேலே ஏற்றி சுவிட்சைச் சில வினாடி பிடித்தால் பழைய நினைவு வந்துவிடும். கப்ளர்களுக்கு கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே போதும். பெட்ரோலில் பிரஷ்ஷை முக்கித் துடைக்கும் பழைய வழக்கம் ரப்பர் சீலை ஊதவைத்துவிடும்.

ஃபியூஸ் போனால் அதே அளவுதான் போட வேண்டும். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. 15 இருந்த இடத்தில் 20 போட்டால் ஃபியூஸ் நிற்கும், வயர் எரியும்.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு வில்லன் சவுக்கு. தோப்பு நிழலில் நிறுத்தும் கார்களில் ஊசி இலை வைப்பருக்குக் கீழே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தடுப்புக்குள் இறங்கி, வடிகால் துளையை அடைத்துவிடும். மழைநீர் வேறு வழியின்றி முன் சீட்டின் கால்மாட்டுக்குள் வரும். அங்கே கார்ப்பெட்டுக்கு அடியில் வயரிங் கப்ளர்கள் உள்ள கார்களில், கதவு தானாகப் பூட்டிக்கொள்வது, ஹார்ன் தானாக அடிப்பது என்று பேய்க்கதைகள் ஆரம்பிக்கும். ஐப்பசிக்கு முன் அந்தத் துளையில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சக்கரத்துப் பக்கம் வடிந்தால் சரி.

தொடக்கூடாதவையும் உண்டு. மஞ்சள் கப்ளர் ஏர்பேக்குடையது, ஆரஞ்சு கேபிள் மின்சார, ஹைப்ரிட் கார்களின் உயர் மின்னழுத்தம். இரண்டும் வீட்டு வேலை அல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் முடிச்சூர் பக்கம் நடந்ததுபோல் கார் வெள்ளத்தில் முழுகினால், சாவியைத் திருப்பவே கூடாது. தண்ணீர் வடிந்ததும் மைனஸைக் கழற்றிவிட்டு, டோ செய்து கொண்டுபோவதுதான் வழி. ஸ்டார்ட் செய்து பார்த்து என்ஜின் போனால் சாதாரண பாலிசியில் இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரிப்பார்கள்.

கடைசியாக, கடற்கரைக் கோயில் பக்கம் ஞாயிறு மாலைகளில் பார்க்கும் காட்சி: ரிமோட் சாவியைப் பையில் வைத்தபடியே அலையில் இறங்கிவிட்டு, கார் பக்கத்தில் திருதிருவென்று நிற்பவர்கள். உடனே சாவியைத் திறந்து உள்ளிருக்கும் நாணய பேட்டரியை எடுத்துவிட்டு, குடிதண்ணீரில் அலசி உலர்த்தினால் பிழைக்க வாய்ப்புண்டு; உப்புநீரோடு வீடுவரை போனால் உள்ளிருக்கும் சர்க்யூட் பலகை அரித்துவிடும். சாவிக்குள்ளேயே ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியால் டிரைவர் கதவைத் திறக்கலாம். உள்ளே உட்கார்ந்து, பிரேக்கை மிதித்து, சாவியின் முதுகை ஸ்டார்ட் பட்டனில் ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பெரும்பாலான கார்கள் ஸ்டார்ட் ஆகும். உள்ளிருக்கும் இம்மொபிலைசர் சிப்புக்கு பேட்டரி தேவையில்லை. சில மாடல்களில் அதற்கென்று தனி இடம் உண்டு, மேனுவலில் போட்டிருக்கும். கைப்பிடி மூடிக்குள் இருக்கும் பூட்டுத் துளையை மட்டும் மாதம் ஒருமுறை திறந்து மூடிப் பழக்குங்கள், நம் ஊர்க் காற்றில் அதுவும் இறுகிக்கொள்ளும்.