துண்டுக்குள் ஒரு சொல்

கேள்வி: மதகடிப்பட்டு செவ்வாய்ச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்தே மாட்டுக்கு விலை பேசுகிறோம், சொல் மாறுவதில்லை. அதே நாம் சான்றிதழுக்கு மட்டும் ஏன் லஞ்சம் கொடுக்கிறோம்?

பதில்: சந்தையில் எல்லாரும் அரிச்சந்திரர்கள் அல்ல, அதனால்தான் மாட்டின் வாயைத் திறந்து பல்லை எண்ணிப் பார்க்கிறீர்கள். ஆனால் தரகர் அடுத்த செவ்வாயும் அதே மரத்தடியில் நின்றாக வேண்டும். ஒருமுறை ஏமாற்றினால், அவரை நம்பி யாரும் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். அலுவலகத்துக்கோ நீங்கள் எப்போதோ ஒருமுறை போகிறவர். அந்தக் கையெழுத்துக்கு வேறு கடை கிடையாது. இழுத்தடித்தால் நஷ்டம் உங்களுக்குத்தான், அதிகாரிக்கில்லை.

2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்திருந்தால், 7 நாளுக்குள் காவல்துறையிடமோ புலனாய்வு அமைப்பிடமோ சொல்லிவிட்டால் தப்பலாம். அதாவது, இந்தச் செவ்வாய் கொடுத்திருந்தால் அடுத்த சந்தைக்குள் புகாரை எழுதிவிடுங்கள்.