வீட்டு மின்சாரச் சிக்கனமும் அரசு மானியமும்

இல்லறம் நடத்துவோர்க்கு மின்கட்டணம் இன்று அரிசி, பருப்பு ஆகியவற்றின் செலவோடு ஒருங்கு வைத்து எண்ணப்படும் செலவாகிவிட்டது. அதனைக் குறைத்துக்கொள்ள அரசு சில உதவிகளைச் செய்து வருகிறது. அவ்வுதவிகள் யாவை, அவற்றைப் பெறும் முறை யாது, பெறுவதற்கு முன் ஒரு குடும்பம் ஆராய வேண்டுவன எவை என்பனவற்றை ஈண்டு முறையே காண்போம்.

1. உதவி வரும் மூன்று வழிகள்

முதல் வழி, பொருளின் தரத்தை அறிவித்தல். 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்படி 2002-இல் நடுவண் அரசு இதற்கெனத் தனிச் செயலகம் ஒன்றை நிறுவிற்று. அச்செயலகம் 2006-இல் மின்பொருள்களுக்கு நட்சத்திரக் குறியிடும் முறையைக் கொணர்ந்தது. குளிர்பதனப் பெட்டி, குளிரூட்டி முதலியவற்றின்மீது ஒட்டப்பெறும் அச்சீட்டில் ஐந்து வரை நட்சத்திரங்கள் இருக்கும். கூரை மின்விசிறிக்கும் 2023 முதல் இக்குறி கட்டாயமாயிற்று. நட்சத்திரத்தை எண்ணுவதோடு நின்றுவிடுதல் போதாது. தர அளவுகோல் அவ்வப்போது உயர்த்தப்படுவதால், பழைய ஆண்டின் ஐந்து நட்சத்திரம் புதிய அளவுகோலில் குறைந்த தரமாகக் கூடும். ஆகவே குளிர்பதனப் பெட்டி வாங்குவோர், சீட்டில் அச்சிடப்பட்டுள்ள ஆண்டையும், ஓராண்டில் செலவாகும் யூனிட் அளவையும் படித்து ஒப்பிடுக.

இரண்டாம் வழி, மொத்தக் கொள்முதலால் விலையை இறக்குதல். 2015 சனவரி 5-ஆம் நாள் தொடங்கப்பெற்ற உஜாலா திட்டம் இதற்குச் சான்று. இலட்சக்கணக்கான எல்.இ.டி. பல்புகளை அரசு நிறுவனம் ஒன்று ஒருசேரக் கொள்முதல் செய்தது. 2014-இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016-இல் 38 ரூபாயாக இறங்கியது. பல்பு வாங்கியோர் எவருக்கும் தனியே பணம் அளிக்கப்படவில்லை; ஆயினும் எல்லார் வீட்டுக்கும் பயன் சென்று சேர்ந்தது.

மூன்றாம் வழி, வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கில் நேராகச் செலுத்தப்படும் மானியம். இதுவே பலரும் அறிய விழைவது.

2. கூரைச் சூரிய மின்சாரத்துக்கான மானியம்

2024 பிப்ரவரியில் தொடங்கப்பெற்ற பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம் ஒரு கோடி வீடுகளைக் குறியாகக் கொண்டது. 2026-27 நிதியாண்டு வரை நடைபெறுமாறு அது வகுக்கப்பட்டது. அதன்படி மானிய அளவு வருமாறு:

1 கிலோவாட்: 30,000 ரூபாய்.
2 கிலோவாட்: 60,000 ரூபாய்.
3 கிலோவாட்டும் அதற்கு மேலும்: 78,000 ரூபாய்.

முதல் இரண்டு கிலோவாட்டுக்கு அரசு வரையறுத்த அடிப்படை விலை கிலோவாட்டுக்கு 50,000 ரூபாய்; அதில் 60 விழுக்காடு மானியம். மூன்றாம் கிலோவாட்டுக்கு அடிப்படை விலை 45,000 ரூபாய். அதில் 40 விழுக்காடே மானியம். நான்காவதற்கு ஒன்றுமில்லை. சந்தை விலை அடிப்படை விலையினும் மிகலாம். மிகினும் மானியம் மிகாது.

திட்டத்தின் பெயரிலுள்ள ‘இலவசம்’ என்னும் சொல்லைச் சரியாகப் பொருள்கொள்ள வேண்டும். தகடு இலவசமாக வருவதில்லை. முதலில் வீட்டுக்காரர் தம் பணத்தையோ வங்கிக் கடனையோ கொண்டு அமைக்க வேண்டும். பின்னர் மானியம் வரும். அதன்பின் அத்தகடு தரும் மின்சாரத்துக்கே கட்டணமில்லை.

3. ஒரு குடும்பத்தின் கணக்கு

இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் செலவழிக்கும் குடும்பம் ஒன்றைக் கொள்வோம். மாதத்துக்கு 300 யூனிட். ஒரு கிலோவாட் தகடு நம் பகுதியில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட், அதாவது மாதம் 120 யூனிட் தரும். எனவே இக்குடும்பத்துக்கு 3 கிலோவாட் தேவை எனத் தோன்றும். அடிப்படை விலையில் செலவு 1,45,000 ரூபாய். மானியம் 78,000 போகக் கைப்பொறுப்பு 67,000 ரூபாய்.

இனி அவ்வீட்டினுள் நோக்குவோம். 75 வாட் பழைய மின்விசிறிகள் நான்கு, நாள்தோறும் 12 மணி நேரம் சுழல்கின்றன. அவற்றுக்கு மாறாக 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. மின்விசிறிகளை அமைத்தால், இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 130 யூனிட் மிஞ்சும். சோக்குடன் 50 வாட் இழுக்கும் பழைய குழல் விளக்குகள் நான்கு, நாள்தோறும் 5 மணி நேரம் எரிகின்றன. 20 வாட் எல்.இ.டி. குழல் விளக்குகளாக மாற்றினால் மேலும் 36 யூனிட் மிஞ்சும். ஆக 166 யூனிட் குறைந்து, செலவு 434 ஆகிறது. மாதத்துக்கு 217 யூனிட். இதற்கு 2 கிலோவாட் தகடே போதும். அதன் அடிப்படை விலை ஓர் இலட்சம். மானியம் போகக் கைப்பொறுப்பு 40,000 ரூபாய். மின்விசிறி ஒன்றுக்கு 3,000, குழல் விளக்கு ஒன்றுக்கு 250 எனக் கொண்டாலும், அவற்றின் செலவு 13,000. மொத்தம் 53,000 ரூபாய்.

முன்னைய வழியில் 67,000. பின்னைய வழியில் 53,000. இத்தனைக்கும் இங்குக் கணக்கிட்ட மின்விசிறிக்கும் விளக்குக்கும் மானியம் ஏதும் சேர்க்கப்படவில்லை. மானியமில்லாத சிறு செலவு, மானியமுள்ள பெருஞ்செலவைக் குறைத்துவிடுகிறது. பெரும்பாலோர் இதனைக் கருதாமல், மானியத் தொகை எங்கு மிகுதியோ அங்கே முதலில் செல்கின்றனர். தேவையைக் குறைத்தல் முதற்படி. எஞ்சிய தேவைக்கு மின்சாரம் ஆக்குதல் இரண்டாம் படி. இவ்வரிசை மாறினால் கடன்சுமை மிகும்.

4. மானியம் பெறும் முறை

வீடு விண்ணப்பிப்பவருக்கு உரியதாதல் வேண்டும். தகடு அமைக்கத் தகுந்த கூரையும் செல்லுபடியாகும் மின் இணைப்பும் வேண்டும். சூரியத் தகட்டுக்காக முன்னர் வேறு மானியம் பெற்றிருத்தல் கூடாது. தேசிய இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொண்டு பதிவு செய்து, பதிவுபெற்ற நிறுவனம் ஒன்றைத் தேர்ந்து, உள்நாட்டில் செய்யப்பட்ட தகடுகளையே அமைக்க வேண்டும். பிறகு நிகர மீட்டர் பொருத்தப்படும். மின்வாரியத்தார் ஆய்ந்து சான்று அளித்த பின்னரே மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். இணையதளம் பழகாத முதியோர்க்கு வீட்டிலுள்ள இளைஞர் இதில் துணை நிற்றல் வேண்டும்.

5. கவனிக்கத்தக்கவை

(அ) ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி நிழல்படாத இடம் வேண்டும். தென்னை, நீர்த்தொட்டி, பக்கத்து மாடி ஆகியவற்றின் நிழலை முற்பகலிலும் பிற்பகலிலும் நோக்குக.

(ஆ) மின்வாரியக் கம்பியோடு இணைந்த, மின்கலம் இல்லாத அமைப்பு, மின்தடையின்போது இயங்காது. பழுது பார்ப்போர் உயிர்ப் பாதுகாப்புக்காகவே அது தானே நின்றுவிடுகிறது.

(இ) ஐந்தாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் எழுதப்பட்டுள்ளதா எனப் படித்த பின்னரே கையொப்பமிடுக.

(ஈ) முழுத்தொகையையும் முன்பணமாகக் கேட்போரிடமும், விலையை உயர்த்திப் பட்டியல் எழுதித் தருவோரிடமும் விலகி நிற்க. மானியம் ஊராரின் வரிப்பணம். பொய்ப் பட்டியலுக்கு உடன்படுதல் அப்பணத்தைக் கவர்தலே ஆகும்.

6. வீட்டில் செய்து பார்க்க

கடந்த ஓராண்டின் ஆறு மின்கட்டணச் சீட்டுகளையும் எடுத்து, யூனிட் அளவுகளை வரிசையாக எழுதுக. வீட்டிலுள்ள ஒவ்வொரு மின்பொருளின் வாட் அளவையும் அது ஓடும் மணி நேரத்தையும் பிள்ளைகளைக் கொண்டு குறிப்பெடுக்கச் செய்க. இரண்டையும் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் ஒரு நாள் யூனிட் கிடைக்கும். மிகுதியாக உண்ணும் பொருள் எது என்பது அப்போது விளங்கும்.

இக்கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு மானியத்தை நாடும் குடும்பம், விற்பவர் சொல்லும் அளவுக்கு ஆட்படாது. தன் தேவைக்கு ஏற்ற அளவையே கேட்டுப் பெறும். கட்டணமும் குறையும், கடனும் மிகாது.