‘நியூ’ போடலாமா, ஃபேக்டரி வேண்டுமா? அக்காவிடம் கேட்டுக்கொண்டு போ!

கோட் ரிவ்யூவில் “இங்கே ஃபேக்டரி போடு” என்று யாரோ சொல்லிவிட்டார்கள். உடனே கஸ்டமர் ஃபேக்டரி, ஆர்டர் ஃபேக்டரி, இன்வாய்ஸ் ஃபேக்டரி என்று வரிசையாக கிளாஸ் எழுத உட்கார்ந்துவிட்டாயா? கொஞ்சம் நில்லு தங்கச்சி. இதைப் படித்துவிட்டுப் போ, பாதி வேலை மிச்சமாகும். உதாரணமெல்லாம் ஜாவாவில்தான் சொல்கிறேன். பைத்தானோ சி ஷார்ப்போ எழுதுகிற தம்பிகளும் கேட்டுக்கொள்ளலாம்.

1. முதலில் தேவையா என்று பார். இரண்டு மதிப்பைக் கொடுத்தால் ஆப்ஜெக்ட் வந்துவிடுகிறதா, இடையில் முடிவெடுக்க ஒன்றுமில்லையா? நியூ போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார். எந்த கிளாஸை உருவாக்குவது என்பது புரோகிராம் ஓடும்போதுதான் தெரியும், உருவாக்குமுன் மதிப்புகளைச் சரிபார்க்க வேண்டும், இருக்கிற ஆப்ஜெக்டையே திரும்பக் கொடுக்கலாம்: இப்படி ஏதாவது ஒரு முடிவு இருந்தால்தான் ஃபேக்டரி. அந்த முடிவு பத்து ஃபைலில் சிதறாமல் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

2. தனி கிளாஸ் எதற்கு? பெரும்பாலும் அதே கிளாஸுக்குள் ஒரு ஸ்டாட்டிக் மெத்தட் போதும். ஜோஷுவா பிளாக்கின் ‘எஃபெக்டிவ் ஜாவா’ புத்தகத்தில் முதல் அறிவுரையே இதுதான். ஆனால் இன்டர்வியூவில் குழப்பிக்கொள்ளாதே. 1994-ல் வந்த ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ புத்தகம் சொல்கிற ஃபேக்டரி மெத்தட் வேறு. அங்கே எந்த ஆப்ஜெக்டை உருவாக்குவது என்பதை சப்கிளாஸ் தீர்மானிக்கும்.

3. பெயரில் கஞ்சத்தனம் வேண்டாம். கன்ஸ்ட்ரக்டருக்கு கிளாஸ் பெயரைத் தவிர வேறு பெயர் வைக்க வழியில்லை. அதனால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். ஜாவாவின் பழைய டேட் கிளாஸில் நியூ போட்டு 2024, 2, 5 என்று கொடுத்துப் பார். வருஷத்தோடு 1900-ஐக் கூட்டிக்கொள்ளும், மாதத்தை 0-விலிருந்து எண்ணும். கையில் கிடைப்பது 3924 மார்ச் 5! ஜாவா 8-ல் வந்த லோக்கல்டேட்டுக்கு நியூவே போட முடியாது. ‘ஆஃப்’ என்று கூப்பிட்டால் 2 என்பது பிப்ரவரிதான். பிப்ரவரி 30 கொடுத்தால் அங்கேயே எக்ஸெப்ஷன் எறிந்துவிடும். உன் மெத்தடுக்கும் அப்படி ஒரு பெயர் வை. ‘கெட்இன்ஸ்டன்ஸ்’ என்றால் பழைய ஆப்ஜெக்டும் வரலாம். ‘நியூஇன்ஸ்டன்ஸ்’ என்று வைத்தால் ஒவ்வொரு முறையும் புதுசுதான் தர வேண்டும், இதில் ஏமாற்று வேலை கூடாது.

4. இரட்டைச் சமக்குறி போட்டு ஒப்பிடாதே. இன்டிஜருக்கு ‘வேல்யூஆஃப்’ போட்டால் -128 முதல் 127 வரை எடுத்து வைத்திருக்கிற ஆப்ஜெக்டையே தரும். 127-ஐ இரண்டு தடவை வாங்கி ஒப்பிட்டால் ‘ட்ரூ’. 128-க்குச் செய்தால் வழக்கமாக ‘ஃபால்ஸ்’. சின்ன எண்ணை வைத்து டெஸ்ட் எழுதுவாய், எல்லாம் பச்சையாகத் தெரியும், புரொடக்‌ஷனில் போய் உடையும். எப்போதும் ‘ஈக்வல்ஸ்’ போடு. நியூ இன்டிஜரைப் பழக்கத்தில் இன்னும் எழுதுகிறாயென்றால் நிறுத்து, ஜாவா 9-லேயே அதைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள்.

5. ‘நல்’ திருப்பித் தராதே. எஸ்எம்எஸ், இமெயில் என்று வகையைப் பார்த்து ஆப்ஜெக்ட் தருகிற ஃபேக்டரியில், தெரியாத வகை வந்தால் சோம்பேறித்தனமாக நல் கொடுக்கிறார்கள். அது எங்கோ தள்ளிப் போய் வெடிக்கும், நீ ராத்திரியெல்லாம் லாக் பார்ப்பாய். வந்த வகையின் பெயரையும் சேர்த்து எக்ஸெப்ஷன் எறி. இஃப்-எல்ஸ் நீண்டுகொண்டே போனால் ஒரு மேப்பில் வகையையும் அதை உருவாக்கும் லாம்ப்டாவையும் போட்டு வை. புது வகை வந்தால் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது.

6. திருப்பித் தரும் டைப் இன்டர்ஃபேஸாகவோ பொதுவான அப்பா கிளாஸாகவோ இருக்கட்டும். ஈனம்செட், அந்த ஈனம் டைப்பில் 64 உறுப்பு வரை இருந்தால் உள்ளுக்குள் ஒரு கிளாஸும், அதற்கு மேல் இருந்தால் வேறொரு கிளாஸும் தருகிறது. பயன்படுத்துகிறவருக்கு அது தெரியவே தெரியாது. நாளைக்கு மாற்றினாலும் யாருடைய கோடும் உடையாது.

7. அடுத்தவர் ஃபேக்டரியைத் திறந்து பாராமல் நம்பாதே. எக்ஸிக்யூட்டர்ஸில் ‘நியூஃபிக்ஸட்த்ரெட்பூல்’ ஒரு வரியில் வேலையை முடித்துவிடும், அழகுதான். அதற்குள் இருக்கும் க்யூவுக்கு அளவே கிடையாது. வேலை வந்து குவிந்தால் மெமரி காலி. லோடு அதிகமுள்ள இடத்தில் த்ரெட்பூல்எக்ஸிக்யூட்டரை நேரே எடுத்து, க்யூ அளவை நீயே வை. உன் ஃபேக்டரிக்குள்ளும் டேட்டாபேஸ் கூப்பிடுவது மாதிரியான வேலையை ஒளித்து வைக்காதே.

8. கையால் மாற்றி நேரத்தை வீணாக்காதே. இன்டெலிஜேயின் ரீஃபாக்டரில் கன்ஸ்ட்ரக்டரை ஃபேக்டரி மெத்தடாக மாற்றும் வசதி இருக்கிறது, கூப்பிடும் இடங்களையும் அதுவே திருத்திவிடும். ஒரே எச்சரிக்கை: ஜேபிஏ என்டிட்டியாக இருந்தால் ஆர்க்யுமென்ட் இல்லாத கன்ஸ்ட்ரக்டரை அழித்துவிடாதே, ‘புரொடெக்டட்’ என்று போட்டு வை. ஜேசனிலிருந்து வருகிற கிளாஸ் என்றால், ஜாக்சன் லைப்ரரிக்குப் புரியும்படி உன் ஃபேக்டரி மெத்தடின் தலையில் ‘ஜேசன்கிரியேட்டர்’ அன்னோட்டேஷனைப் போட்டுவிட்டு செக்-இன் பண்ணு.