முகிலில் வைத்த அடைக்கலப் பொருள்



பிறர் நம்பி ஒப்படைத்த பொருளைப் பேணிக் காத்து, அவர் கேட்டபொழுது குறைவின்றித் திருப்பிக் கொடுப்பதை நம் முன்னோர் பேரறமாகக் கொண்டனர். அப்பொருளை அவர்கள் அடைக்கலப் பொருள் என அழைத்தனர். இன்று நம் ஒவ்வொருவர் வீட்டிலும் அத்தகைய பொருள் உண்டு. பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களின் படிகள், மூத்தோரின் ஒளிப்படங்கள், குழந்தைகளின் மழலைப் பதிவுகள் ஆகியவற்றை ‘முகில்’ எனப்படும் இணையச் சேமிப்பகத்தில் வைத்திருக்கிறோம். அவற்றை யாரிடம் ஒப்படைத்திருக்கிறோம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முகில் என்பது யாது?

பெயர் முகிலாயினும் அது வானத்தில் இல்லை. ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமான கட்டடத்தில், இரவு பகலாக இயங்கும் கணினிகளே முகிலாகும். 2021ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் திகதி பிரான்சின் ஸ்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் சேமிப்பகக் கட்டடமொன்று தீயில் அழிந்தது. வேறிடத்தில் படி வைத்திராத வாடிக்கையாளர் பலர் தம் தரவுகளை நிரந்தரமாக இழந்தனர். முகிலும் எரியும் என்பதை உலகம் அன்று கண்டது.

எம் வீட்டில் எழுந்த வினா

சென்ற ஆண்டு ஒருநாள் எம் மகள் கணினியில் குடும்பப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரிலுள்ள எம் அன்னையின் முகம் தெரியும் படங்களையெல்லாம் அச்சேமிப்பகம் தானாகவே ஒன்றுசேர்த்து, “இவர் யார்?” என்று வினவியிருந்தது. அவள் எம்மை நோக்கி, “அப்பா, இதுக்கு அப்பாச்சியிட்டைக் கேட்டனீங்களா?” என்றாள்.

எம்மிடம் விடை இருக்கவில்லை. போர்க்காலத்தில் ஒளிப்படம் ஒன்றே ஒருவரை ஆபத்தில் மாட்டிவிடப் போதுமானதாயிருந்தது. ஆகையால் படங்களைப் புதைத்தவர்களும் எரித்தவர்களும் உண்டு. எம் குடும்பமும் ஓர் அல்பத்தை வளவில் புதைத்தது. பின்னர் அது கிடைக்கவேயில்லை. அவ்வாறு அஞ்சி வாழ்ந்த நாமே, எஞ்சிய படங்களை விதிமுறைகளைப் படியாமல் ஒரு பொத்தானை அழுத்தி ஒப்படைத்திருந்தோம். இலவசம் என்பதே அதற்குக் காரணம்.

சிந்திக்க வேண்டிய மூன்று

முதலாவது, திறப்பு யார் கையில் உள்ளது? பல சேமிப்பகங்கள் நம் கோப்புகளைப் பூட்டியே வைக்கின்றன; ஆயினும் திறப்பும் அவற்றிடமே இருக்கும். வேறு சில சேமிப்பகங்களில் கோப்பு நம் கணினியிலேயே பூட்டப்பட்டுச் செல்லும். திறப்பு நம்மிடம் மட்டுமே இருக்கும்.

இரண்டாவது, அந்நிறுவனத்தை எந்த நாட்டின் சட்டம் ஆள்கின்றது? அமெரிக்க உளவுத்துறை ‘பிரிசம்’ என்னும் திட்டத்தின்கீழ்ப் பெரும் இணைய நிறுவனங்களிலிருந்து தரவுகளைப் பெற்றதை 2013இல் எட்வேட் ஸ்னோடன் வெளிப்படுத்தினார். தம் கணினிகளுக்கு நேரடி வழி எதுவும் திறந்துவிடவில்லை என்று நிறுவனங்கள் மறுத்தன. 2018இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டமொன்றின்படி, தரவு எந்த நாட்டில் இருப்பினும், உரிய ஆணை பிறந்தால் அமெரிக்க நிறுவனம் அதனைக் கையளிக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, நிறுவனம் எதனால் வருவாய் ஈட்டுகின்றது? நாம் பணம் செலுத்தாவிடின் வேறொருவர் செலுத்துகின்றார் என்பதே பொருள். இலவசமும் நிலையானதன்று. கூகிள் நிறுவனம் ஒளிப்படங்களுக்கு அளித்துவந்த எல்லையற்ற இலவச இடத்தை 2021 ஜூன் முதலாம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது.

குற்றமற்ற இடம் உண்டா?

முற்றிலும் குற்றமற்ற இடம் எதுவுமில்லை. சுவிற்சர்லாந்தின் புரோட்டன் நிறுவனம் திறப்பைப் பயனரிடமே விடுகின்றது. எனினும் 2021இல் சுவிஸ் அதிகாரிகளின் ஆணைக்குப் பணிந்து, ஒரு பயனரின் இணைய முகவரியை அது வழங்க நேர்ந்தது. பூட்டிய மடல்களின் உள்ளடக்கத்தையோ அந்நிறுவனத்தாலும் திறக்க இயலாது. ஜேர்மனியில் 2016இல் தொடங்கிய நெக்ஸ்ட்கிளவுட் என்னும் கட்டற்ற மென்பொருளை நம் வீட்டுக் கணினியிலேயே நிறுவலாம். ஆனால் அதனைப் பராமரிக்கும் பொறுப்பு நம் தலையில் விழும்.

நாம் மாற்றிய முறை

1. வைத்திருப்பவை எவை எனப் பட்டியலிட்டோம். பத்திரங்களையும் படங்களையும் வேறு பிரித்தோம்.

2. பழைய சேமிப்பகத்திலிருந்து அனைத்தையும் தரவிறக்கினோம். 2018 மே 25 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகள் இவ்வுரிமையை அளிக்கின்றன. படமெடுத்த திகதிகள் தனிக் கோப்புகளாக வந்தமையால் அவற்றை மீண்டும் இணைக்க ஆறு வார இறுதிகள் சென்றன.

3. திறப்பை எம்மிடமே விடும் சேமிப்பகம் ஒன்றைத் தேர்ந்தோம். அதற்கு மாதக் கட்டணம் உண்டு. முகம் பார்த்துப் படம் தேடும் வசதியை இழந்தோம். இல்லத்தரசி முதலில் வருந்தினார். பின்னர் ஆண்டுவாரியாகத் தாமே அடுக்கினார்.

4. கடவுச்சொல்லைத் தாளில் எழுதி இரண்டு இடங்களில் வைத்தோம். அது தொலைந்தால் நிறுவனத்தாலும் கோப்புகளைத் திறக்க இயலாது.

5. வன்தட்டில் ஒரு படியும், உறவினர் வீட்டில் இன்னொரு படியும் வைத்தோம். எல்லாவற்றையும் திறந்து சரிபார்த்த பின்னரே பழையவற்றை அழித்தோம்.

ஐந்தாவது படியை எவரும் தவிர்த்தலாகாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறு படி இருந்தவற்றை மீண்டும் தேடிப் பெறலாம். ஒற்றைப் படியாக இருந்த ஏடுகள் மீளவில்லை. ஏடுகளைப் பெயர்த்தெழுதிக் காத்த நம் முன்னோரின் தொழிலையே இன்று நாம் வன்தட்டில் செய்கின்றோம்.

அப்பாச்சியின் மறுமொழி

வேலை முடிந்தபின் எம் மகளே அப்பாச்சியைத் தொலைபேசியில் அழைத்து, அவர் படங்களை எங்கே, எவ்வாறு வைத்திருக்கிறோம் என விளக்கி அனுமதி கேட்டாள். அவர் சிறிது நேரம் மௌனமாயிருந்தார். பின்னர், “என்ரை படம் இருக்கட்டும் பிள்ளை. பக்கத்திலை நிக்கிற பொடியன்ரை தாயைக் கேட்டனீங்களோ?” என்றார்.

நாம் கேட்டிருக்கவில்லை. அத்தாய் இப்போது வேறு ஊரில் வாழ்கின்றார். உறவினர் மூலம் அவரைத் தேடி அழைத்தோம். தம் மகனின் அந்தப் படம் அவரிடம் இல்லை என்பதை அப்போதுதான் அறிந்தோம். அதனை அச்சிட்டு அஞ்சலில் அனுப்பிவைத்தோம்.

அடைக்கலப் பொருள் என்பதன் முழுப் பொருளையும் அன்றே உணர்ந்தோம். நம்மிடம் உள்ளவை யாவும் நம்முடையவை அல்ல. காத்தல் மட்டுமன்றி, உரியவரிடம் சேர்த்தலும் அறமாகும்.

மாணவர்களுக்குப் பயிற்சி

1. உங்கள் வீட்டுப் படங்கள் எங்கே வைக்கப்பட்டுள்ளன? அவற்றின் திறப்பு யாரிடம் உள்ளது? பெற்றோரிடம் கேட்டு எழுதுக.

2. ஒரு பழைய குடும்பப் படத்தைத் தெரிவுசெய்து, அதில் உள்ள அனைவரின் பெயர்களையும் மூத்தோரிடம் கேட்டறிந்து எழுதுக.

3. பிறர் படத்தை அவரைக் கேளாமல் பகிர்வது முறையாகுமா? பத்து வசனங்களில் விளக்குக.